பூனையும் மருந்துக்குப் பழகும்



பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. மணி கட்டுவதாவது ஒரு நாள் வேலை. ஒரு முறை கட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் நோயுற்ற பூனைக்கு மருந்து கொடுப்பது அப்படியல்ல. அதை இன்றைக்கும் செய்ய வேண்டும், நாளைக்கும் செய்ய வேண்டும், சில நோய்களில் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் வாயைத் திறக்க, கடைசியில் மாத்திரை தரையிலும் நகக்கீறல் நம் கையிலுமாக முடிகிற காட்சியைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். இதற்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது. பூனையை மருந்துக்குப் பழக்குவதுதான் அந்த வழி. அதைப் பற்றியே இன்று நாம் பேசப் போகிறோம்.

ஜொகூர் மாநிலத்தின் தெப்ராவ் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். தெப்ராவ் ஆற்றின் ஓரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் மிளகும் காம்பீரும் பயிரிட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது, செம்பனை வந்தது. இன்று மவுண்ட் ஆஸ்டின் போன்ற பழைய தோட்டப் பெயர்கள் வீடமைப்புப் பகுதிகளின் பெயர்களாக நிற்கின்றன. தோட்டம் போனாலும், லயத்து வீடு தாமானாக மாறினாலும், பூனை மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை. அரிசி மூட்டையை எலியிடமிருந்து காத்ததும் அதுதான். வேலை முடிந்து வருகிறவரின் காலைச் சுற்றி வந்ததும் அதுதான். ஆனால் தோட்டத்துப் பூனைக்கு ஒரு குறை உண்டு. அது எல்லாருடைய பூனையும்தான், அதே சமயம் யாருடைய பூனையும் அல்ல. சாப்பாடு நாலு வீட்டில் கிடைக்கும். நோய் வந்தால் மருந்து கொடுக்க ஒரு வீடும் இராது.

இதில் பூனையின் நலம் மட்டும் அடங்கியிருந்தால் சிலர் அலட்சியமாக இருந்துவிடலாம். நம் பிள்ளைகளின் நலமும் இதில் அடங்கியிருக்கிறது. எப்படி என்று சொல்கிறோம்.

ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. பெயர் நீளமாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். பூஞ்சைப் புண் நோய் என்று வைத்துக்கொள்வோம். மண்ணிலும் மக்கிய இலைதழைகளிலும் வாழ்கிற ஒரு வகைப் பூஞ்சையால் இது உண்டாகிறது. இந்நோயை 1898-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெஞ்சமின் ஷெங்க் என்பவர் முதன்முதலாக விவரித்து எழுதினார். நம் மலேசியாவில் இந்நோய் பூனைகளிடையே காணப்படுகிறது. மனிதருக்கும் பெரும்பாலும் பூனையின் வழியாகவே வருகிறது என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒன்றோடொன்று சண்டை போடும் பூனைகளுக்கு மூக்கிலோ காதிலோ பாதத்திலோ முதலில் ஒரு புண் தோன்றும். சண்டைக் காயம்தானே, தானாக ஆறிவிடும் என்று நாம் விட்டுவிடுவோம். அது ஆறாது, பரவும், மூக்கு வீங்கும், பூனை தும்மத் தொடங்கும். அந்தப் புண்ணில் பூஞ்சை மிகுதியாக இருக்கும். அப்படிப்பட்ட பூனை ஒரு குழந்தையைக் கீறினாலோ கடித்தாலோ, சில வாரங்கள் கழித்து அந்த இடத்தில் ஒரு கட்டி தோன்றலாம். பிறகு கை வழியே மேல்நோக்கி, கயிற்றில் முடிச்சுப் போட்டது போல, வரிசையாகக் கட்டிகள் எழும்பலாம். மனிதருக்கு இதைக் குணப்படுத்த மருந்து உண்டு. பூனைக்கும் உண்டு. ஆனால் பூனைக்குக் கொடுக்கும் மருந்தைப் பல வாரங்கள், பெரும்பாலும் சில மாதங்கள், நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். புண் முழுவதும் ஆறிய பின்னும் குறைந்தது ஒரு மாதமாவது தொடர வேண்டும்.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. மூன்று பேர் பிடித்து, கையெல்லாம் கீறல் வாங்கி, ஒரு நாள் மருந்து கொடுத்துவிடலாம். நூறு நாள் கொடுக்க முடியுமா? முடியாது. பத்தாம் நாள் பூனை வீட்டுக்கே வராது, அல்லது நாமே மனம் வெறுத்துவிடுவோம். அதுவுமன்றி, நோயுள்ள பூனையோடு மல்லுக்கட்டினால் அது கீறும். கீறினால் நோய் நமக்கே வரும். ஆகவே, இங்கே பூனையை அமைதியாக மருந்து எடுக்கப் பழக்குவது பூனையின் நோய்க்கும் நம் பாதுகாப்புக்கும் மிகவும் தேவையான ஒன்றாகும்.

சரி, பூனை ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? பூனை எலியைப் பிடிக்கும் வேட்டைப் பிராணி. அதே சமயம் தன்னைவிடப் பெரிய பிராணிக்கு இரையாகிவிடக்கூடிய சிறு பிராணியுமாகும். தன்னை யாராவது அழுத்திப் பிடித்தால், உயிருக்கே ஆபத்து வந்துவிட்டது என்றுதான் அதன் உடம்பு எண்ணும். நாம் மருந்து கொடுக்கிறோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினால் அடங்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். தாய்ப் பூனை குட்டியைத் தூக்குவதைப் பார்த்து வந்த எண்ணம் அது. வளர்ந்த பூனை அப்போது அடங்குவதில்லை. அஞ்சி விறைத்துப் போகிறது. இன்றைய கால்நடை மருத்துவர்கள் இம்முறையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு தவறும் நாம் செய்வதுண்டு. குழந்தைக்குக் கசப்பு மருந்தைத் தேனிலோ சர்க்கரையிலோ குழைத்துக் கொடுக்கிறோமல்லவா? பூனைக்கும் அப்படியே செய்து பார்க்கிறோம். ஆனால் பூனையின் நாக்குக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை அறிவதற்கு வேண்டிய மரபணுக்களில் ஒன்று பூனைக் குலத்தில் செயலற்றுப் போயிருக்கிறது என்பதை 2005-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். கசப்போ அதற்கு நன்றாகத் தெரியும். ஆகவே தேனில் குழைத்த மருந்து, பூனைக்குக் கசப்பு மருந்தாகவே இருக்கும். அதன் மனத்தை வெல்வது மீனும் இறைச்சியும்தான்.

பூனை கற்றுக்கொள்ளுமா என்று சிலர் ஐயப்படலாம். ஷெங்க் இந்நோயை விவரித்த அதே 1898-ஆம் ஆண்டில், எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் பூனைகளைக் கொண்டு செய்த சோதனைகளை வெளியிட்டார். பசித்த பூனையை ஒரு பெட்டிக்குள் விட்டு, வெளியே உணவு வைத்தார். உள்ளே உள்ள கயிற்றை இழுத்தாலோ நெம்பியை அழுத்தினாலோ கதவு திறக்கும். பூனை முதலில் எங்கெங்கோ பிறாண்டியது. தற்செயலாகக் கதவு திறந்தது. மீண்டும் மீண்டும் விட்டபோது அதற்கான நேரம் குறைந்துகொண்டே வந்தது. எந்தச் செயலுக்குப் பின் நன்மை கிடைக்கிறதோ அதைப் பிராணி திரும்பச் செய்யும். எதற்குப் பின் துன்பம் வருகிறதோ அதை விலக்கும் என்று அவர் விளக்கினார். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் ஓசைக்கே ஓடி வருகிற பூனை, இந்த உண்மையைத் தினமும் நமக்குக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி, பழக்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம். இதைப் பூனை நலமாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். புண்ணோ வலியோ வந்த பின் தொடங்குவது, வெள்ளம் வந்த பின் கரை கட்டுவதைப் போன்றது.

முதற்படி, இடமும் நேரமும். ஒரு பழைய துவாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, மாலையில் பூனைக்குச் சோறு வைக்கும் முன், அந்தத் துவாலையை எப்போதும் ஒரே மூலையில் விரியுங்கள். உப்பும் புளியும் சேர்க்காமல் அவித்த கெம்போங் மீனையோ கோழி இறைச்சியையோ கடலைப் பருப்பு அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பூனை துவாலையில் கால் வைத்ததும் ஒரு துண்டு கொடுங்கள். அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளில் துவாலையை விரித்ததும் அதுவே வந்து உட்காரும்.

இரண்டாம்படி, கை. துவாலையில் இருக்கும் பூனையின் கன்னத்தை மெதுவாகத் தொடுங்கள். ஒரு துண்டு கொடுங்கள். தாடையின் கீழ் தொடுங்கள், ஒரு துண்டு. தலைக்கு மேல் கையை வைத்து உடனே எடுங்கள், ஒரு துண்டு. முதலில் தொடுவது, பிறகு உணவு. இந்த வரிசை மாறக் கூடாது. உணவைக் காட்டி ஏமாற்றி, பின் பிடித்தால், உணவின் மீதே அதற்குச் சந்தேகம் வந்துவிடும். நாலைந்து முறை போதும்; இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பூனை எழுந்து போனால் போகட்டும். போக விடுவதுதான் அதைத் திரும்ப வரச் செய்யும்.

மூன்றாம்படி, வாய். பெருவிரலையும் நடுவிரலையும் வாயின் இரு ஓரங்களில் ஒரு கணம் வைத்து எடுங்கள், துண்டு கொடுங்கள். சில நாள் கழித்து, மேலுதட்டைச் சற்றே உயர்த்துங்கள். பிறகு கீழ்த்தாடையை ஒரு விரலால் சிறிது தாழ்த்துங்கள். அது அமைதியாக இருந்தால், திறந்த வாயில் ஒரு மீன் துணுக்கைப் போடுங்கள். நீர் மருந்துக்குப் பழக்க, ஊசி இல்லாத சிரிஞ்சை மருந்துக் கடையில் வாங்கி, மீன் அவித்த நீரை அதில் எடுத்து நீட்டுங்கள். முதலில் முனையை நக்கட்டும். பிறகு வாயின் பக்கவாட்டில், கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சங்கில் குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல, தலையை அண்ணாந்து பிடித்துத் தொண்டையில் ஊற்றிவிடக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெடும்.

நான்காம்படி, மருந்து. மாத்திரைக்கு மூன்று உருண்டை முறை நல்லது. மீனைப் பிசைந்து மூன்று சிறிய உருண்டைகள் செய்யுங்கள். முதல் உருண்டை வெறும் மீன். இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவது மீண்டும் வெறும் மீன். முதலாவதை விழுங்கியதும் இரண்டாவதையும், உடனே மூன்றாவதை மூக்கருகிலும் காட்டுங்கள். அடுத்ததை எண்ணி இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். முழுச் சோற்றிலும் மருந்தைக் கலந்துவிடாதீர்கள். பாதி தின்று பாதி வைத்தால், எவ்வளவு மருந்து போயிற்று என்பது தெரியாது. சோறே வேண்டாம் என்று பூனை முடிவு செய்துவிடவும் கூடும்.

மாத்திரையை வெறுமையாக வாயில் போட நேர்ந்தால், நாக்கின் பின்பகுதியில் நடுவே வைத்து, வாயை மூடி, விழுங்கியதும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் அளவுக்கு, தண்ணீரையோ மீன் நீரையோ மெதுவாகக் கொடுங்கள். பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். டாக்சிசைக்கிளின் போன்ற சில மருந்துகள் அப்படி ஒட்டினால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும்.

இதில் ஒரு முக்கிய நுட்பம் உண்டு. மருந்து இல்லாத நாளிலும் துவாலையை விரிக்க வேண்டும். பத்து முறை துவாலையில் உட்கார்ந்தால் ஒன்பது முறை வெறும் மீன்தான் கிடைத்தது என்றால், பத்தாவது முறை வந்த கசப்பைப் பூனை பொறுத்துக்கொள்ளும். மருந்துக்கு மட்டுமே துவாலையை விரித்தால், துவாலையைக் கண்டதும் அது கூரை ஏறிவிடும்.

இதை நாங்கள் அனுபவத்தில்தான் கற்றோம். எங்கள் வீட்டுச் சாம்பல் பூனைக்குக் காதில் சீழ் வந்தபோது, நாலு கைகள் சேர்ந்து அமுக்கிப் பிடித்தே மாத்திரை கொடுத்தோம். மூன்றாம் நாள், மாத்திரை அட்டை சரசரத்த ஓசைக்கே அது அடுப்படி அலமாரியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பூனைக்குப் புத்தியில்லை என்று அன்று திட்டினோம். உண்மையில் அது நன்றாகவே கற்றிருந்தது. நாங்கள்தான் தவறான பாடத்தைக் கற்பித்திருந்தோம். அப்புறம் இடத்தை மாற்றி, துவாலையை விரித்து, மாத்திரை அட்டையைச் சும்மா சரசரக்கவிட்டு மீன் துண்டு கொடுக்கத் தொடங்கினோம். இரண்டு வாரம் பிடித்தது. பின்னர் அட்டையின் ஓசை கேட்டால் ஓடி வரத் தொடங்கியது.

பழக்குவதற்கு முன்பே நோய் வந்துவிட்டால் என்ன செய்வது? குறிப்பாக, ஆறாத புண் உள்ள பூனையாக இருந்தால், வாய்க்குள் விரலை விடவே கூடாது. கையுறையும் நீண்ட கைச் சட்டையும் அணிந்துகொள்ளுங்கள். குழந்தைகளை விலக்கி வையுங்கள். பூனையைக் கூண்டிலோ தனி அறையிலோ வைத்து, மற்றப் பூனைகளோடு சேரவிடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாத்திரையைப் பொடிக்கலாமா? இந்தக் குளிகையைத் திறந்து தூளை உணவில் கலக்கலாமா? உணவோடு கொடுப்பதா, வெறும் வயிற்றிலா? பூஞ்சைப் புண் நோய்க்குக் கொடுக்கும் இட்ராகோனசோல் குளிகையைத் திறந்து, சிறிதளவு மணமுள்ள ஈர உணவில் கலந்து கொடுக்கும் வழக்கம் மருத்துவர்களிடையே உண்டு. அப்படிச் செய்தால் பூனையைத் தொடவே வேண்டியதில்லை. அந்தத் தூளைக் கர்ப்பிணிப் பெண்கள் கையாளாதிருப்பது நல்லது. எல்லா மருந்தையும் இவ்வாறு பொடிக்கவோ திறக்கவோ கூடாது. ஆகவேதான் கேட்கச் சொல்கிறோம். வீட்டில் யாருக்கேனும் கீறல் பட்டால், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அந்த இடத்தில் பின்னர் கட்டி தோன்றினால், பூனை கீறியது என்பதை டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் நோயைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவும்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். நாம் பெனடோல் என்று சொல்லும் பாரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதிய அளவில் இல்லை. ஒரே மாத்திரை அதன் உயிரைப் போக்கிவிடக்கூடும். தலைவலித் தைலத்தைப் புண்ணில் தடவாதீர்கள். பூனை தன் உடம்பை நக்கும் பிராணி, தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். மருந்தை மறைக்கக் குழம்பு மீனைப் பயன்படுத்தாதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். மசாலைச் சாற்றில் ஊறிய டின் மீனும் அதே காரணத்தால் ஏற்றதல்ல. நெத்திலி கொடுப்பதானால், ஊறவைத்துக் கழுவி, உப்பைப் போக்கிய பின்பே கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் 1990-களின் இறுதியிலிருந்து இந்தப் பூஞ்சைப் புண் நோய் பூனைகளிடமிருந்து ஆயிரக்கணக்கான மனிதருக்குப் பரவியிருக்கிறது. அங்கே மருத்துவர்கள் கண்ட பெருந்தடைகளில் ஒன்று, பூனை வைத்திருப்பவர்கள் சிகிச்சையை இடையிலேயே கைவிடுவது. புண் ஆறியது போலத் தெரிந்ததும் மருந்தை நிறுத்துகிறார்கள், நோய் திரும்புகிறது. இன்னும் சிலர், தொல்லை தாளாமல் பூனையையே கொண்டுபோய் எங்கேனும் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரிலும் சாக்கில் கட்டிச் சந்தையோரத்தில் விடுவது நமக்குத் தெரியாததல்ல. அப்படி விட்ட பூனை, நோயைப் பத்துப் பூனைகளுக்குக் கொடுக்கும். அந்தப் பத்தில் ஒன்று இன்னொரு வீட்டுப் பிள்ளையின் மடியில் உட்காரும். மலேசியாவில் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், பிராணியை வைத்திருப்பவருக்கு அதைக் கவனிக்கும் பொறுப்பையும் விதித்திருக்கிறது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட, பாதிக் கிணறு தாண்டுவது யாருக்கும் உதவாது என்பதை உணர்ந்து செய்வதே மேலானது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பூனை இன்றைக்கு நலமாக இருக்கிறதா? மிக நல்லது. தொடங்குவதற்கு இதுவே தகுந்த நாள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளில் பெரியவர் ஒருவரிடம் துவாலையை விரிக்கும் வேலையைக் கொடுங்கள். அருகில் நீங்கள் இருங்கள். நான்கு துண்டு மீன், இரண்டு நிமிட நேரம், இதுதான் செலவு. பொறுமையாகத் தொட்டால் பிராணியும் நம்மை நம்பும் என்பதை அந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும். நாளை ஒரு நோய் வரும்போது, மருந்து தரையில் விழாது. கையில் கீறல் விழாது. நூறாவது நாள் மருந்தும் பூனையின் வயிற்றுக்குள் அமைதியாகப் போய்ச் சேரும்.